ரோமாபுரி பிரைவேட் லிமிடெட்

ரோமானியர்கள்தான் உலகத்துக்குக் குடியரசைக் கொடுத்தவர்கள். ரோமைப் பற்றி எழுதுகிற யாரும் இந்த ஒரு வரியை மட்டும் விடுவதே இல்லை. கி.மு. 509-ல் ராஜாவைத் துரத்தினார்கள், வருஷா வருஷம் தேர்தல் வைத்தார்கள், செனட்டும் மக்களும் கைகோத்து ஆண்டார்கள், பாதி உலகத்தை ஜெயித்தார்கள். சரி, இவ்வளவு நல்ல குடியரசு ஏன் செத்தது? அதற்கும் இரண்டு பதில் ரெடிமேடாக இருக்கிறது. ஒன்று, ரோம் நகரத்து ஜனங்கள் ஓசி கோதுமைக்கும் சர்க்கஸுக்கும் ஆசைப்பட்டு நாசமாய்ப் போனார்கள். இரண்டு, சீசர் என்று ஒரு பதவி வெறியன் வந்து எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டான்.

இரண்டுமே உண்மையான குற்றவாளியைத் தப்ப விடுகிற பதில்கள். ரோமானியக் குடியரசு ஒரு நாளும் ஜனங்களுடையதாக இருந்ததில்லை. அது ஒரு கம்பெனி. சொத்து எவ்வளவோ அவ்வளவு ஓட்டு. அந்தக் கம்பெனியின் பெரிய பங்குதாரர்கள் கையில் இருந்ததில் ஒரு துளியைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று அடம் பிடித்தார்கள். அதில்தான் அது திவாலானது. சீசர் பிறப்பதற்கு முன்னாலேயே ரோம் தெருவில் அரசியல் ரத்தம் ஓட ஆரம்பித்துவிட்டது. அதை முதலில் ஓட விட்டது கும்பல் இல்லை, செனட்டர்கள்.

பாடப்புத்தகத்தில் ரோமானிய சமுதாயம் என்றால் பெட்ரீஷியன், பிளபியன் என்று இரண்டு கட்டம் போட்டு முடித்துவிடுவார்கள். பெட்ரீஷியன் பணக்காரன், பிளபியன் ஏழை, இரண்டு பேருக்கும் சண்டை, கடைசியில் சமரசம், சுபம். இது பாதி உண்மைகூட இல்லை. பெட்ரீஷியன் என்பது பிறப்பால் வருவது. பிளபியன் என்றால் மற்ற எல்லோரும். அந்த மற்ற எல்லோரிலும் பெரிய பணக்காரர்கள் இருந்தார்கள், சோற்றுக்கு இல்லாதவர்களும் இருந்தார்கள். பணக்காரப் பிளபியனுக்கு வேண்டியது பதவி. ஏழைப் பிளபியனுக்கு வேண்டியது உழுவதற்குக் கொஞ்சம் நிலமும் கடனிலிருந்து விடுதலையும். ஆக, ஒரே கொடியின் கீழே இரண்டு கோரிக்கைகள்.

கடன் என்றால் சாதாரணக் கடன் இல்லை. கி.மு. 451-450-ல் எழுதப்பட்ட பன்னிரண்டு பலகைச் சட்டத்தில் விவரம் இருக்கிறது. தீர்ப்பான கடனைக் கட்ட 30 நாள் அவகாசம். கட்டாவிட்டால் கடன் கொடுத்தவன் சங்கிலி போட்டு 60 நாள் வைத்திருக்கலாம். அதற்கப்புறமும் யாரும் மீட்க வரவில்லையென்றால் டைபர் நதிக்கு அக்கரையில் அடிமையாக விற்கலாம், அல்லது கொல்லலாம். கடன் கொடுத்தவர்கள் பல பேராக இருந்தால் உடம்பைப் பங்கு போட்டுக்கொள்ளவும் அனுமதி! (நிஜமாகவே யாராவது வெட்டினார்களா என்பது வேறு விஷயம். சட்டத்தில் எழுதி வைக்கத் தோன்றியதே, அதுதான் விஷயம்.)

இந்தக் கடன் கொடுமை தாங்காமல்தான் கி.மு. 494-ல் பிளபியன்கள் சண்டைக்குப் போக மாட்டோம் என்று ஊரை விட்டே கிளம்பி மலையில் போய் உட்கார்ந்தார்கள் என்று ரோமானியர்களின் சொந்த வரலாறே சொல்கிறது. அதில் கிடைத்ததுதான் டிரிபியூன் பதவி. பிளபியன்களைக் காக்க ஒருவர், மேலே கை வைத்தால் தெய்வக் குற்றம், எந்த அதிகாரியின் செயலையும் 'கூடாது' என்று தடுக்கிற உரிமை. 445-ல் இரு பிரிவினரும் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்றானது. 367-ல் கான்சல் பதவி பிளபியன்களுக்குத் திறந்தது. 326-ல் கடனுக்காக ஆளையே அடமானம் பிடிக்கிற வழக்கத்துக்குத் தடை. 287-ல் பிளபியன் சபை போடுகிற சட்டம் எல்லோரையும் கட்டுப்படுத்தும் என்று முடிவு. இருநூறு வருஷத்துக்கு மேல் போராட்டம்.

பலன் யாருக்கு? 367-ல் அந்தச் சட்டங்களைக் கொண்டுவந்த டிரிபியூன்களில் ஒருவர் லிசினியஸ் ஸ்டோலோ. பொது நிலத்தில் ஒருவர் 500 யூகரத்துக்கு மேல், அதாவது சுமார் 310 ஏக்கருக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதும் அதில் ஒன்று. பத்து வருஷம் கழித்து அந்தச் சட்டத்தின் கீழேயே அபராதம் கட்டியது யார் தெரியுமா? அதே லிசினியஸ் ஸ்டோலோ. மகனைச் சட்டப்படி தனி ஆளாக்கிக் காட்டி, அவன் பேரையும் சேர்த்து 1000 யூகரம் வைத்திருந்தாராம். லிவி எழுதி வைத்திருக்கிறார். நில உச்சவரம்புச் சட்டமும் அதற்கான பினாமியும் ஒரே வீட்டிலிருந்து!

இந்த மாதிரிப் பணக்காரப் பிளபியன்களும் பழைய பெட்ரீஷியன்களும் சம்பந்தி ஆனார்கள். முன்னோர்களில் ஒரு கான்சல் இருந்தால் அந்தக் குடும்பம் 'நோபிலிஸ்'. பிறப்புச் சுவரை உடைத்து உள்ளே போனவர்கள் போன கையோடு கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெளியே நின்றவன் வெளியேதான்.

இப்போது ஓட்டுக் கணக்குக்கு வரலாம். வணிகவியல் படிக்கிறவர்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

கான்சல், பிரேட்டர் மாதிரிப் பெரிய பதவிகளுக்குத் தேர்தல் நடந்தது செஞ்சுரி சபையில். (கிரிக்கெட் செஞ்சுரி இல்லை. நூறு பேர் என்றும் அர்த்தம் இல்லை. ஓட்டுக் குழு என்று வைத்துக்கொள்ளலாம்.) தனி மனிதனின் ஓட்டு அவன் குழுவுக்குள் மட்டும்தான் எண்ணப்படும். குழுவில் எது பெரும்பான்மையோ அது அந்தக் குழுவின் ஒரே ஓட்டு. மொத்தம் 193 குழுக்கள். அதைப் பிரித்த விதம்தான் அற்புதம். சென்சார் என்ற அதிகாரி சொத்துக் கணக்கு எடுப்பார். குதிரை வைத்துச் சண்டை போடுகிற பெரும் பணக்காரர்களான ஈக்விட்டிஸ்களுக்கு 18 குழுக்கள். ஒரு லட்சம் ஆஸ் சொத்து உள்ள முதல் வகுப்புக்கு 80. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது வகுப்புகளுக்குத் தலா 20. ஐந்தாவதுக்கு 30. தச்சர், கொல்லர், கொம்பு ஊதுகிறவர்களுக்கு 4. சொத்தே இல்லாத மிச்சம் அத்தனை பேருக்கும் சேர்த்து 1.

கூட்டிப் பார்த்தால் புரிந்துவிடும். 18-ம் 80-ம் 98. 193-ல் பெரும்பான்மை 97. ஓட்டெடுப்பு பணக்காரர்களிடமிருந்து ஆரம்பித்துக் கீழே வரும். பெரும்பான்மை கிடைத்ததும் நிறுத்திவிடுவார்கள். மேலே உள்ளவர்கள் ஒரே மனதாக இருந்தால் இரண்டாம் வகுப்பைக் கூப்பிடக்கூட வேண்டியதில்லை. கடைசி ஒற்றைக் குழுவில் இருந்தவன் காலையில் வந்து வெயிலில் நின்று, முடிவு அறிவித்தாயிற்று என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். அவனுக்கு ரோமானியர்கள் வைத்த பேர் புரோலிட்டாரியஸ். அரசாங்கத்துக்குப் பிள்ளை பெற்றுத் தருவதைத் தவிர வேறு எதுவும் தர இல்லாதவன் என்று அர்த்தம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மார்க்ஸ் கையில் எடுத்த அதே சொல்தான்.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஒரு சீர்திருத்தம் வந்து முதல் வகுப்பின் 80 குழுக்கள் 70 ஆகக் குறைந்தன. அப்போதும் 18-ம் 70-ம் 88. இரண்டாம் வகுப்பிலிருந்து ஒரு சிலரைச் சேர்த்துக்கொண்டால் ஆட்டம் முடிந்தது. முதலில் ஓட்டுப் போடுகிற குழுவைக் குலுக்கலில் எடுப்பார்கள், அதுவும் முதல் வகுப்பிலிருந்துதான். அதன் முடிவை உடனே அறிவிப்பார்கள். தெய்வ சகுனம் என்று மற்றவர்கள் பின்னால் போவார்கள். இன்னொரு தந்திரமும் உண்டு. ஒவ்வொரு வகுப்பிலும் பாதிக் குழுக்கள் 46 வயதைத் தாண்டியவர்களுக்கு. அந்தக் காலத்தில் அந்த வயதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஆக, பணக்காரனுக்கு எடை அதிகம், வயதான பணக்காரனுக்கு இன்னும் அதிகம்.

இதெல்லாம் தற்செயலாக நடந்ததா? சிசரோவே இல்லை என்கிறார். குடியரசு பற்றிய தன் நூலில், கூட்டம் அதிகமாக இருப்பவர்களிடம் அதிகாரம் அதிகமாகப் போய்விடக் கூடாது என்பதற்காகவே இப்படி அமைக்கப்பட்டது என்று பெருமையாகவே எழுதியிருக்கிறார். கீழே உள்ள ஒரே ஒரு குழுவில் இருந்தவர்களின் தலைக்கணக்கு கிட்டத்தட்ட முதல் வகுப்பு மொத்தத்தையும் மிஞ்சியது என்பதும் அவர் சொன்னதுதான். யாருக்கும் ஓட்டு இல்லை என்று சொல்லவில்லையே, எல்லோருக்கும் இருக்கிறதே என்பது அவருடைய சமாதானம். இருக்கிறதுதான். நூறு பங்கு வைத்திருக்கிற சில்லறை முதலீட்டாளருக்கும் கம்பெனியின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஓட்டு இருக்கிறது. டீயும் பிஸ்கட்டும்கூடக் கிடைக்கும்.

கூட்டுறவுச் சங்கம் என்றால் ஒரு உறுப்பினர், ஒரு ஓட்டு. கம்பெனி என்றால் ஒரு பங்கு, ஒரு ஓட்டு. இரண்டுக்கும் வித்தியாசம் முதல் வருஷ மாணவனுக்கே தெரியும். ரோமைக் 'குடியரசு' என்று மேடையில் புகழ்கிறவர்களுக்கு மட்டும் ஏனோ தெரிவதில்லை.

இதற்கு ஒரு நியாயம் சொல்வார்கள், சொல்லட்டும். பணக்காரன்தான் அதிக வரி கட்டினான். ஆயுதம், கவசம், குதிரை எல்லாம் சொந்தக் காசில் வாங்கிக்கொண்டு முன்வரிசையில் நின்றான். முதல் போட்டவனுக்கு ஓட்டு அதிகம், இதில் என்ன தப்பு? ஆரம்ப காலத்துக்கு இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் கி.மு. 167-ல் மாசிடோனியாவைக் கொள்ளையடித்து வந்த செல்வத்தால் கஜானா நிரம்பியது. ரோமானியக் குடிமக்கள் கட்டிவந்த சொத்து வரியை அந்த வருஷத்தோடு நிறுத்திவிட்டார்கள். இனி வரி கட்டுவது மாகாணத்துக்காரன். அறுபது வருஷம் கழித்து, 107-ல், மேரியஸ் சொத்தே இல்லாதவர்களையும் பட்டாளத்தில் சேர்த்துக்கொண்டார். அதற்கப்புறம் ரோமின் சண்டைகளைப் போட்டது பெரும்பாலும் அந்த ஏழைதான். ஆக, வரியும் பணக்காரன் கட்டவில்லை, வரிசையிலும் அவன் நிற்கவில்லை. ஓட்டுக் கணக்கு மாறியதா? ஒரு குழுகூட மாறவில்லை. போட்ட முதலைத் திருப்பி வாங்கிக்கொண்ட பிறகும் பங்குப் பத்திரத்தை மட்டும் பத்திரமாக வைத்திருந்தார்கள். எந்த அக்கவுண்டன்சி புத்தகத்தில் இதற்கு எண்ட்ரி இருக்கிறது?

செஞ்சுரி சபை மட்டும்தானா, டிரைப் சபை இருந்ததே, பெரும்பாலான சட்டங்கள் அங்கேதானே நிறைவேறின என்று கேட்பவர்கள் உண்டு. ஃபெர்கஸ் மில்லர் போன்ற பெரிய வரலாற்றாசிரியர்களே ரோமில் ஜனநாயகக் கூறு உண்மையாகவே இருந்தது என்று வாதாடியிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். அங்கே சொத்து பார்க்க மாட்டார்கள். 35 டிரைப்புகள், தலா ஒரு ஓட்டு. பேர்தான் டிரைப், நடைமுறையில் வார்டு மாதிரி. ஆனால் 35-ல் ரோம் நகரத்துக்கு 4 மட்டும். மிச்சம் 31-ம் கிராமப்புறம். விடுதலையான அடிமைகள் எத்தனை ஆயிரம் பேர் இருந்தாலும் பொதுவாக அந்த நாலுக்குள்தான் அடைத்தார்கள். ஓட்டுப் போட ரோமுக்கு நேரில் வர வேண்டும். இத்தாலி முழுக்கக் குடியுரிமை பரவி, கி.மு. 70-69 கணக்கெடுப்பில் குடிமக்கள் ஒன்பது லட்சத்தைத் தாண்டிய பிறகும் வாக்குச்சாவடி ரோமில் மட்டும்தான். நூறு மைல் தள்ளி உழுதுகொண்டிருக்கிறவன் ஏரைப் போட்டுவிட்டு வருவானா? ஊரில் எஸ்டேட்டும் ரோமில் மாளிகையும் வைத்திருந்தவனுக்கு அந்தக் கவலை இல்லை. அவன் ஓட்டு கிராமப்புற டிரைப்பில், அவன் இருப்பது நகரத்தில்.

அதோடு அந்தச் சபையில் ஜனங்கள் வாய் திறக்க முடியாது. கூட்டுவது அதிகாரி, மசோதா கொண்டுவருவதும் அதிகாரி. திருத்தம் சொல்ல முடியாது, ஒரு கோரிக்கை வைக்க முடியாது. ஆம், இல்லை, அவ்வளவுதான்.

பொலிபியஸ் ரோமானிய அரசமைப்பைப் புகழ்ந்திருக்கிறாரே, கான்சலும் செனட்டும் மக்களும் ஒருவரையொருவர் சமன் செய்கிறார்கள் என்றாரே என்பது அடுத்த அஸ்திரம். அமெரிக்க அரசமைப்பை எழுதியவர்கள்வரை அவரைப் படித்தார்கள். பொலிபியஸ் பெரிய ஆள்தான், சந்தேகமில்லை. ஆனால் அவர் ரோமுக்கு வந்தது பிணைக் கைதியாக. கைதியானவர் ஸ்கிப்பியோ எமிலியானஸ் என்ற பெரிய வீட்டுப் பிள்ளையின் நண்பராகவும் ஆசானாகவும் இருந்தார். டைரக்டர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு ஆடிட்டர் எழுதிய ரிப்போர்ட் அது.

ரகசிய வாக்குச்சீட்டே கி.மு. 139-ல்தான் வந்தது, அதுவும் தேர்தலுக்கு மட்டும். அதுவரை வாயால் சொல்ல வேண்டும், பெரிய மனிதர்கள் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். பிறகு 137-ல் வழக்குகளுக்கும் 131-ல் சட்டங்களுக்கும் சீட்டு வந்தது. அப்போதும் ஓட்டுப் போடப் போகிற மேடைப்பாதையில் ஆட்கள் நின்றுகொண்டு சீட்டை எட்டிப் பார்த்தார்கள். 119-ல் டிரிபியூனாக இருந்த மேரியஸ் அந்தப் பாதையைக் குறுக்கினார், பக்கத்தில் ஆள் நிற்க முடியாதபடி. சிசரோவுக்கு இந்த ரகசிய ஓட்டே பிடிக்கவில்லை. சட்டங்கள் பற்றிய நூலில் ஒரு யோசனை சொல்கிறார்: சீட்டு இருக்கட்டும், ஆனால் நல்ல, மதிப்புள்ள பெரியவர்களிடம் காட்டிவிட்டுப் போடட்டும். ரகசிய ஓட்டு, ஆனால் ரகசியம் கிடையாது. பெரிய வக்கீல் அல்லவா!

சரி, தேர்தலில் நிற்கலாமே என்றால், பதவிக்குச் சம்பளம் கிடையாது. விளையாட்டுப் போட்டிகள் நடத்தப் பதவியில் இருப்பவன் சொந்தக் காசையும் கொட்ட வேண்டும். பிற்பாடு அகஸ்டஸ் காலத்தில் செனட்டராக இருக்கப் பத்து லட்சம் செஸ்டர்ஸ் சொத்து வேண்டும் என்று வரையறுத்தார்கள். ஈக்விட்டிஸ் ஆக நாலு லட்சம். அதே காலத்தில் ஒரு சாதாரணச் சிப்பாயின் வருஷச் சம்பளம் 900 செஸ்டர்ஸ். சாப்பிடாமல், துணி வாங்காமல் மொத்தத்தையும் சேர்த்தாலும் செனட்டராக 1,111 வருஷம் ஆகும்.

லஞ்சமோ தனி இண்டஸ்ட்ரி. வேட்பாளர் பணத்தை டிரைப் வாரியாகப் பிரித்துக் கொடுப்பதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள், அவர்களுக்கு ஒரு தொழில்பெயரும் இருந்தது. கி.மு. 54 கான்சல் தேர்தலில் பணம் கொட்டிய வேகத்தில் ரோம் நகரத்தில் வட்டி விகிதமே 4 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக ஏறிவிட்டது என்று சிசரோ நண்பருக்குக் கடிதம் எழுதுகிறார். தேர்தல் லஞ்சம் பணச்சந்தையையே ஆட்டிய கதை! இதைப் படித்துவிட்டு, ஓட்டை விற்ற ஏழையைத் திட்டுவார்கள் சிலர். வாங்கியவன் யார்? அந்தச் செலவை எங்கே எடுத்தான்?

மாகாணத்தில் எடுத்தான். அதுதான் கம்பெனியின் உண்மையான வருமானம். வெளிநாட்டு வியாபாரம் செனட்டர் கௌரவத்துக்கு ஆகாது என்று கி.மு. 218-லேயே சட்டம் வந்தது. 300 ஆம்போரா ஜாடிக்கு மேல் கொள்ளளவுள்ள கப்பல் செனட்டர் வைத்திருக்கக் கூடாது. ஒழுக்கத்தின் சிகரம் என்று பேர் வாங்கிய மூத்த கேட்டோ என்ன செய்தார்? கடன் கேட்டு வருகிறவர்களை ஐம்பது பேர் கொண்ட கூட்டாகச் சேரச் சொல்வார், ஐம்பது கப்பல் சேர்ந்ததும் குவின்டியோ என்ற தன் விடுதலையான அடிமை பேரில் ஒரு பங்கு எடுத்துக்கொள்வார். புளூட்டார்க் சொல்கிற கதை. ரிஸ்கைப் பிரிக்கும் வித்தையும் பினாமியும் ஒரே இடத்தில்.

வரி வசூலை ரோம் ஏலம் விட்டது. ஈக்விட்டிஸ்கள் பங்கு சேர்த்துக் கம்பெனி அமைத்து ஏலம் எடுத்தார்கள், பிறகு மாகாணத்தில் பிழிந்தார்கள். கொள்ளையடிக்கும் ஆளுநர்களை விசாரிக்கிற நீதிமன்றத்திலும் ஜூரிகளாக உட்கார்ந்தவர்கள் அதே ஈக்விட்டிஸ்கள். ருட்டீலியஸ் ரூஃபஸ் என்ற நேர்மையான அதிகாரி ஆசிய மாகாணத்தில் வரிக்காரர்களை அடக்கினார். கி.மு. 92-ல் அவர் மேலேயே கொள்ளை வழக்குப் போட்டுத் தண்டித்தார்கள். மனிதர் நாட்டை விட்டுப் போய்க் குடியேறியது எங்கே? அவர் கொள்ளையடித்ததாகச் சொன்ன அதே மாகாணத்தில், ஸ்மிர்னா நகரத்தில். அந்த ஊர்க்காரர்கள் அவரை வரவேற்று வைத்துக்கொண்டார்கள். இதைவிட நல்ல நன்னடத்தைச் சான்றிதழ் உலகத்தில் யாருக்கும் கிடைத்திருக்காது.

புரூட்டஸ் கதை இன்னும் மோசம். சர்வாதிகாரியைக் குத்திக் குடியரசைக் காக்க நினைத்த உத்தமன், ஷேக்ஸ்பியர் புண்ணியத்தில் பள்ளிக்கூட மேடை வரைக்கும் வந்துவிட்ட அதே புரூட்டஸ். சைப்ரஸ் தீவில் சலாமிஸ் என்ற நகரத்துக்கு அவர் ஆள் வைத்துக் கடன் கொடுத்தார். வட்டி 48 சதவீதம். (கந்துவட்டிக்காரன்கூடக் கொஞ்சம் யோசிப்பான்.) அவருடைய ஏஜெண்ட் ஸ்காப்டியஸ் முந்தைய ஆளுநரிடம் குதிரைப்படை வாங்கிக்கொண்டு போய் அந்த நகரத்துச் சபை உறுப்பினர்களைச் சபைக் கட்டிடத்துக்குள்ளேயே அடைத்தான். ஐந்து பேர் பட்டினியில் செத்தார்கள். அந்த முந்தைய ஆளுநர் யார்? புரூட்டஸின் மாமனார்.

கி.மு. 51-ல் சிசரோ அந்தப் பகுதிக்கு ஆளுநராகப் போனபோது இது தெரியவருகிறது. குதிரைப்படையைத் திரும்பப் பெற்றார், 12 சதவீதம்தான் உச்சவரம்பு என்றார். அந்தக் கணக்கில் ஊர்க்காரர்கள் தர வேண்டியது 106 தாலந்து. ஸ்காப்டியஸ் கேட்டது 200. கொடுக்கத் தயார், வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கோயிலில் கட்டிவிடுகிறோம், வட்டியாவது நிற்கும் என்றார்கள் ஊர்க்காரர்கள். அதற்கு சிசரோ சம்மதிக்கவில்லை. அடுத்த ஆளுநர் பார்த்துக்கொள்வார் என்று தள்ளிவைத்துவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார். கடன் உண்மையில் புரூட்டஸுடையது என்று அதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டிருந்தது. இதெல்லாம் எதிரி கட்டிவிட்ட கதை இல்லை, சிசரோவே அட்டிகஸுக்கு எழுதிய கடிதங்களில் இருப்பது. சுதந்திரம், சுதந்திரம் என்று கத்தியவர்களுக்கு எந்தச் சுதந்திரம் பறிபோகிறது என்ற கவலை இருந்தது என்பதை சலாமிஸ்காரர்களிடம் கேட்டிருக்கலாம்.

இப்போது அந்த முதல் ரத்தத்துக்கு வரலாம். கி.மு. 133. டைபீரியஸ் கிராக்கஸ், டிரிபியூன். நோபிலிஸ் குடும்பத்துப் பிள்ளைதான். அவர் கேட்டது புரட்சி இல்லை. பொது நிலத்தில் 500 யூகரம் என்ற அந்தப் பழைய உச்சவரம்பை அமல்படுத்தி, மிச்சத்தை நிலமில்லாத குடிமக்களுக்குப் பிரித்துக் கொடுப்பது. அபகரித்தவனுக்குத் தண்டனைகூடக் கிடையாது, 500 வரைக்கும் அவனே வைத்துக்கொள்ளலாம்! இதைவிடச் சாதுவான நிலச் சீர்திருத்தத்தைக் கற்பனை செய்வது கஷ்டம். டைபீரியஸ் தவறே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. தடுத்த சக டிரிபியூன் ஆக்டேவியஸை ஓட்டெடுத்துப் பதவியிலிருந்து இறக்கினார், அதற்கு முன்னுதாரணம் இல்லை. மறுபடியும் டிரிபியூனாக நின்றார், அதுவும் வழக்கத்துக்கு விரோதம்.

அதற்கு செனட்டர்கள் கொடுத்த பதில், பெஞ்சுகளை உடைத்துக் காலைப் பிடுங்கிக்கொண்டு வந்தது. அந்த வருஷத்துக் கான்சல் ஸ்கேவோலா சட்ட நிபுணர். விசாரணையில்லாமல் ஒரு குடிமகனைக் கொல்ல மாட்டேன் என்று மறுத்தார். உடனே தலைமைப் பூசாரி ஸ்கிப்பியோ நசிகா, குடியரசைக் காக்க விரும்புகிறவர்கள் என் பின்னால் வாருங்கள் என்று கிளம்பினார். மேலே கை வைத்தால் தெய்வக் குற்றம் என்றிருந்த டிரிபியூனைத் தலைமைப் பூசாரியின் கூட்டமே அடித்துக் கொன்றது. கூடவே சுமார் 300 பேர். சடலங்களை டைபர் நதியில் வீசினார்கள்.

பன்னிரண்டு வருஷம் கழித்துத் தம்பி கயஸ். மலிவு விலைக் கோதுமை, புதிய குடியேற்றங்கள், இத்தாலியக் கூட்டாளிகளுக்குக் குடியுரிமை என்று அண்ணனைவிடப் பெரிய திட்டம். ஈக்விட்டிஸ்களை ஜூரி ஆக்கியதும் ஆசியாவின் வரியை ரோமில் ஏலம் விட்டதும் அவர்தான், அந்தப் பழியை அவர் சுமக்கத்தான் வேண்டும். 121-ல் கான்சல் ஒபிமியஸ் அவர் தலைக்கு எடைக்கு எடை தங்கம் என்று அறிவித்தார். கொண்டுவந்தவன் மூளையை எடுத்துவிட்டு ஈயம் ஊற்றி எடை கூட்டினான் என்கிறார் புளூட்டார்க். கயஸின் ஆதரவாளர்கள் 3000 பேர் செத்தார்கள். முடித்துவிட்டு ஒபிமியஸ் என்ன செய்தார்? ஃபோரத்தில் 'ஒற்றுமை' தேவதைக்குக் கோயில் கட்டினார்! இந்தக் கொலைகளுக்காக அவர் மேல் வழக்கு வந்தது, விடுதலையானார். பிற்பாடு ஆப்பிரிக்க ராஜா ஜுகுர்தா விவகாரத்தில் லஞ்ச வழக்கில்தான் மாட்டினார். குடிமக்களைக் கொன்றதற்கு இல்லை.

அதற்கப்புறம் சட்டம், முறை, வழக்கம் எல்லாம் பெஞ்சுக் கால் எவன் கையில் இருக்கிறதோ அவனுக்கு என்றாகிவிட்டது. நிலமில்லாத சிப்பாய் இருபது வருஷம் சண்டை போட்டுவிட்டு வந்து நிற்கிறான். அவனுக்கு ஒரு துண்டு நிலம் கொடுக்க செனட்டுக்கு மனசு வரவில்லை, வழக்கமான ஒரு ஏற்பாடே கிடையாது. வாங்கித் தருகிறேன் என்று சொன்னது அவனுடைய தளபதி. அவன் யார் பக்கம் நிற்பான்? மேரியஸ், சுல்லா, பாம்பே, சீசர் என்று வரிசையாக வந்தவர்களின் கதை இதுதான். சுல்லா கி.மு. 82-ல் கொலைப் பட்டியல் ஒட்டினார், செத்தவர் சொத்தை மலிவாக வாங்கி கிராஸஸ் ரோமின் பெரும் பணக்காரர் ஆனார். சீசர் வானத்திலிருந்து குதிக்கவில்லை. செனட் கொடுக்க மறுத்ததைக் கொடுத்த கடைசி ஆள், அவ்வளவுதான்.

ஓசிக் கோதுமை? கி.மு. 58-ல் கிளோடியஸ் அதை இலவசமாக்கினார், வாங்கினார்கள். உலகத்தின் வரி முழுவதும் வந்து கொட்டுகிற ஊரில் கூலிக்காரன் மாதம் ஐந்து மரக்கால் தானியம் வாங்கினான் என்பது ஊழலாம். 48 சதவீத வட்டி தொழிலாம். சோறும் கூத்தும் போதும் என்று ஜனங்கள் சோம்பிவிட்டார்கள் என்று ஜுவெனல் என்ற அங்கதக் கவிஞர் புலம்பியது கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அதற்கு நூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஓட்டைப் பிடுங்கிக்கொண்டு போயாயிற்று.

அது நடந்தது கி.பி. 14-ல். அகஸ்டஸ் இறந்து டைபீரியஸ் சக்கரவர்த்தி ஆன வருஷம், தேர்தல் சபையிலிருந்து செனட்டுக்கு மாற்றப்பட்டது. ஜனங்கள் கொஞ்சம் முணுமுணுத்ததோடு சரி என்று எழுதுகிறார் டாசிட்டஸ். எப்படியும் தன்வரை எண்ணிக்கை வந்து சேராத ஓட்டுக்கு எவன் உயிரைக் கொடுப்பான்? செனட்டர்களைப் பற்றியும் அதே இடத்தில் எழுதியிருக்கிறார். அவர்கள் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார்களாம். இனி ஓட்டுக்குக் காசு கொடுக்க வேண்டாம், யாரிடமும் போய்ப் பல்லை இளிக்கவும் வேண்டாம்.